ஒரு வரியில் போன புலி

அத்தியாயம் 17

லுவ்சனுக்குக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்து இன்றோடு எட்டு நாள். வலது கண்ணில் வெள்ளைக் கட்டு, அதன்மேல் கறுப்புக் கண்ணாடி. இடது கண்ணுக்கு ஏற்கெனவே பாதிப் பார்வைதான். பத்து நாளைக்குப் பலகையையும் கணினியையும் பார்க்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், உலான்பாத்தரின் அந்த ஐந்தாம் மாடி வீட்டில் இப்போது சதுரங்கம் காது வழியாக நடக்கிறது.

வீட்டில் சும்மா இருக்கிற கிழவரின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நிச்சயதார்த்தத்தன்று மூன்றாவது கோப்பை உள்ளே போனதும், பெண்ணைப் பெற்ற லுவ்சனும் பிள்ளையைப் பெற்ற சொய்ஜிலும் மூக்குப்பொடிக் குப்பிகளை மாற்றிக்கொண்டு ஓர் ஒப்பந்தம் செய்தார்களே, அந்த ஆட்டம் இது. ஜெயிக்கிறவர் ஊரில்தான் கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகள் குடியிருக்க வேண்டும். லுவ்சன் ஜெயித்தால் உலான்பாத்தர். சொய்ஜில் ஜெயித்தால் ஹோவ்து, மேற்கே ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். கல்யாணம் செய்துகொள்ளப் போகிற நொமினையும் தெர்கெலையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் அப்போது சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

நொமினுக்கு வேலை, கொரியத் தொடர்களுக்கு மங்கோலியக் குரல் கொடுப்பது. அழுகிற மருமகள், கரித்துக்கொட்டுகிற மாமியார், கடைசி மூச்சில் ரகசியம் சொல்லும் அத்தை என்று ஒரே நாளில் மூன்று பேராக இருந்துவிட்டு சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவாள். அந்த வேலை அவளுக்கு உயிர். ஹோவ்தில் அருமையான தர்ப்பூசணி விளையும். டப்பிங் அறை ஒன்றுகூடக் கிடையாது.

ஆட்டம் ஆரம்பித்த புதிதில் இரண்டு பெரியவர்களும் போனில் நடையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வாரமே சண்டை வந்தது. மங்கோலியப் பலகையில் மந்திரியின் இடத்தில் நிற்பது ஒட்டகம்; என் ஒட்டகம் அங்கே நிற்கவில்லை, இங்கே நின்றது என்று ஒருவர். உங்கள் வீட்டம்மா தூசி தட்டும்போது நகர்த்தியிருப்பார் என்று இன்னொருவர். கடைசியில் தெர்கெல்தான் இரண்டு வீட்டுக் கணினியிலும் போனிலும் ஒரே சதுரங்க மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். நடையை ஆடிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் பலகை முழுவதும் ஒரே வரியாகச் சுருங்கிவிடும். எழுத்தெல்லாம் காய்கள், எண்ணெல்லாம் காலிக் கட்டங்கள், கடைசியில் இனி யார் முறை என்று ஓர் எழுத்து. அந்த வரியைப் போனில் அனுப்ப வேண்டியது. எதிராளி அதைத் தன் கணினியில் ஒட்டினால் அத்தனை காயும் அதனதன் இடத்தில் வந்து நிற்கும். சண்டைக்கு வழியே இல்லை.

அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் இன்னொரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் கணினியே யோசித்து, அடுத்து எதை ஆடலாம் என்று சொல்லும். அப்பா ஒரு சிப்பாயை இழந்துவிட்டு கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த திங்கட்கிழமை, நொமின் அதை அழுத்தினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு ஆட்டம் நடக்கிறது. அப்பா சொல்கிற நடையை வாங்கிக்கொள்வாள். சம்பந்திக்குப் போவது கணினி சொல்கிற நடை. சம்பந்தி அனுப்புகிற நிஜமான பதிலை நிஜமான ஆட்டத்தில் வைத்துக்கொள்வாள். அப்பாவுக்குச் சொல்வதற்கு, சம்பந்தி ஆடியதாக அவளே ஒன்றை இட்டுக்கட்டுவாள். ஆளுக்குத் தகுந்த குரல் கொடுப்பது அவள் பிழைப்பு. ஆளுக்குத் தகுந்த சதுரங்கம்தான் வரவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி. வெள்ளை மாதம் என்கிற புத்தாண்டுப் பண்டிகைக்கு இன்னும் ஆறு நாள். அம்மா உத்வல் ஒரு குண்டான் நிறையக் கொத்திய ஆட்டிறைச்சியும் வெங்காயமும் பிசைந்து வைத்திருந்தாள். எண்ணூறு பூஸ் பிடித்தாக வேண்டும். பிடித்த கொழுக்கட்டைகளைத் தட்டோடு பால்கனியில் வைத்தால் அரை மணியில் கல்லாகிவிடும், வெளியே அவ்வளவு குளிர். லுவ்சனும் மேசையில் உட்கார்ந்து தடவித் தடவி மடித்துக்கொண்டிருந்தார். அவர் பிடித்தவையெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன.

"சம்பந்தி பதில் அனுப்பிட்டாரா?"

"அனுப்பிட்டாருப்பா. சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருக்காரு," என்றாள் நொமின், மாவைத் தேய்த்தபடியே.

"எந்தச் சிப்பாயை?"

"ஓரத்துச் சிப்பாயை."

லுவ்சனின் கை நின்றது. "செவ்வாய்க்கிழமை ஓரத்துச் சிப்பாய். வியாழக்கிழமை ஒட்டகத்தை முன்னால வச்சாரு, நேத்து அதே ஒட்டகத்தைப் பின்னால எடுத்தாரு. இன்னைக்குத் திரும்பவும் ஓரத்துச் சிப்பாய். உத்வல், அந்த மனுஷனுக்கு என்னமோ ஆயிடுச்சு. முப்பது வருஷமா மாட்டுக்கு ஊசி போட்ட கை. இப்படி ஆடுற ஆள் இல்ல."

"நீங்க புதன்கிழமை புலம்பினப்பவே நான் அவர் வீட்டம்மாவுக்குச் செய்தி அனுப்பிட்டேன்," என்றாள் உத்வல்.

நொமின் மாவிலிருந்து நிமிர்ந்தாள். "என்னன்னும்மா அனுப்புனே?"

"உங்க வீட்டுக்காரருக்குத் தலை சரியா இருக்கான்னு கேட்டேன். வேற எப்படிக் கேக்குறது?"

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சு. 'நாங்களும் உங்க வீட்டுக்காரரைப் பத்தி அதையேதான் பேசிட்டிருந்தோம்'னு."

நொமின் அப்பளம் போல இருக்க வேண்டிய மாவைக் காகிதமாகத் தேய்த்துவிட்டாள். உத்வல் அதைப் பார்த்தாள். மகளையும் பார்த்தாள். அந்த மாவைத் திரும்ப உருட்டிக் கொடுத்தாள். கம்பளி ஆலையில் இருபது வருஷம் மேற்பார்வை பார்த்தவள் அவள். எந்த இழை எங்கே அறுந்தது என்பது அவளுக்குத் தானாகவே தெரிந்துவிடும்.

வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தால் சொய்ஜில். மீசையில் பனி, தோளில் கோணிச் சாக்கு, சாக்குக்குள் முழு ஆடு ஒன்று கட்டையாக உறைந்து கிடந்தது. ஒன்றரை நாள் பஸ்ஸில் அதைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"யாரு?" என்றார் லுவ்சன்.

"நான்தான் டிரைவரே," என்றார் சொய்ஜில். அவர் குரல், நோயாளியைப் பார்க்க வந்தவர் குரலாக இருந்தது. லுவ்சன் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதனால் சம்பந்திக்கு எப்போதும் டிரைவர்தான். சொய்ஜில் கால்நடை டாக்டர்.

பெரியவர்கள் இருவரும் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு முறைப்படி மூக்குப்பொடிக் குப்பியை மாற்றிக்கொண்டார்கள். ஆடுமாடு நலமா, குளிர்காலம் சுகமாகப் போகிறதா என்றெல்லாம் கேட்டுக்கொண்டார்கள். உத்வல் உப்புப் போட்ட பால் தேநீரை இரண்டு கைகளாலும் நீட்டினாள். அதற்குப் பிறகுதான் விசாரணை ஆரம்பித்தது. ஆனால் யார் யாரை விசாரிக்கிறார்கள் என்பதில்தான் கோளாறு.

"டிரைவரே, இன்னைக்கு என்ன கிழமை?"

"சனி. ஏன், உங்களுக்கு மறந்துபோச்சா டாக்டர்?"

"எனக்கு மறக்கல. உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு பார்த்தேன்."

லுவ்சன் மனைவி இருக்கும் திசையில் தலையைத் திருப்பி, பாவம் என்பது போல உதட்டைப் பிதுக்கினார். "டாக்டர், ராத்திரி தூக்கம் வருதா? தலையில எங்கேயாச்சும் அடிபட்டுச்சா? மாடு கீடு உதைச்சுதா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். உங்களுக்குக் கண்ணை மட்டும்தான் அறுத்தாங்களா, இல்ல உள்ள வேற எதையாச்சும் தொட்டுட்டாங்களா?"

"கண்ணு மட்டும்தான்."

"அப்ப எதுக்குப் புலியைத் தூக்கிக் குடுத்தீங்க?"

இந்த ஊர்ப் பலகையில் யானைக்குப் பதில் வண்டியும் ராணிக்குப் பதில் புலியும் நிற்கும். இருப்பதிலேயே பலமான காய் புலிதான். மாட்டை விற்றாலும் விற்பார்களே தவிர, புலியை யாரும் சும்மா கொடுக்க மாட்டார்கள்.

லுவ்சன் தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "என் புலி என்கிட்டதானே இருக்கு?"

"உங்க புலி வியாழக்கிழமை காலையில என் வண்டி வாயில போயாச்சு."

நொமின் பூஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிப் பக்கம் நகர்ந்தாள்.

"தட்டை வச்சிட்டு இங்க வா," என்றாள் உத்வல்.

லுவ்சன் மரப்பலகையைக் கொண்டுவரச் சொன்னார். காய்களைத் தடவித் தடவித் தன் மனதில் இருந்த ஆட்டத்தை அடுக்கினார். புலி பத்திரமாக இருந்தது, இரண்டு வண்டியும் இருந்தன, எதிரியின் ஓரத்துச் சிப்பாய் ஊரைவிட்டு ஓடுகிறவனைப் போல எங்கேயோ தனியாக நின்றது. சொய்ஜில் தன் போனை எடுத்து, வந்த வரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"நான் இப்படி ஆடவே இல்லையே," என்றார் லுவ்சன்.

"நானும் ஓரத்துச் சிப்பாயைத் தொடவே இல்லையே," என்றார் சொய்ஜில்.

இரண்டு பேரும் மூன்று கண்களையும் நொமின் பக்கம் திருப்பினார்கள்.

பூசி மெழுக அவளுக்கும் வாய் இருந்தது. எத்தனை தொடரில் எத்தனை பேருக்காக மழுப்பியிருக்கிறாள். ஆனால் அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் எழுதிக் கொடுக்காத வசனம் ஒன்றுகூட வரவில்லை.

"நான்தான் பண்ணினேன்பா. திங்கட்கிழமையில இருந்து கம்ப்யூட்டர் சொன்னதை அனுப்பினேன். மாமா ஆடினதா உங்ககிட்ட சொன்னதெல்லாம் நானே சொன்னது."

"அந்த ஓரத்துச் சிப்பாய்?"

"அதுவும் நான்தான்."

"அதான் பார்த்தேன்," என்றார் லுவ்சன். அந்த நேரத்திலும் அவருக்குச் சம்பந்தியின் தலை சரியாக இருப்பதில் ஒரு நிம்மதி.

"ஆனா தப்பாச் சொல்லலப்பா அது," என்று நொமின் வேகமாகச் சொன்னாள். "புலியைக் குடுத்தா மாமாவோட வண்டி அதைத் தின்னே ஆகணும். தின்னதும் குதிரை ஒரே தாவு. மூலையில இருக்கிற ராஜாவுக்கு நகர இடமே இல்ல, சுத்திச் சொந்த ஆளுங்களே நிக்கிறாங்க. நேத்து அந்த வரியை அனுப்பிட்டேன். ஆட்டம் முடிஞ்சுதுன்னு கம்ப்யூட்டரே போட்டுச்சு. நீங்க ஜெயிச்சாச்சு."

"என் போன்லயும் அப்படித்தான் வருது," என்றார் சொய்ஜில் எரிச்சலாக. "பஸ்ல உக்காந்து ஆயிரம் தடவை அமுக்கிப் பார்த்துட்டேன், ஆட விடமாட்டேங்குது. முடிஞ்சுபோச்சாம். எப்படி முடியும்? குதிரை ராஜாவை முடிக்கக் கூடாதே."

"என்னது?"

"குதிரை ராஜாவை மிரட்டலாம், முடிக்கக் கூடாது. வேற எந்தக் காய் வேணா முடிக்கட்டும். சொமந்துட்டுப் போற குதிரையே எஜமானைக் கொல்லுமா? செல்லாது. குதிரையை எடுத்த இடத்துல வச்சுட்டு வேற ஆடணும்."

நொமின் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். "நம்ம பழைய விதி அது. நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான் ஆடுவோம்."

"இதை எனக்கு யாருமே சொல்லலையே."

"மூச்சு விடணும்னும்தான் உனக்கு யாரும் சொல்லல," என்றார் லுவ்சன்.

பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைப் பார்த்து அவள் கற்ற சதுரங்கத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. மென்பொருளைச் செய்தவன் எந்தக் கண்டத்தில் இருக்கிறானோ, அவனுக்கும் தெரிந்திருக்காது. சொய்ஜிலோ இந்த விதியை நம்பித்தான் ராஜாவை மூலையில் அப்படி நிம்மதியாக உட்கார வைத்திருந்தார். குதிரை வந்து நின்று கனைத்துவிட்டுப் போகட்டும் என்று கதவைக்கூடச் சாத்தவில்லை. இப்போது குதிரையைத் திருப்பி வைத்தால் லுவ்சன் பக்கம் புலி இல்லை. சின்னப் பிள்ளைகூட ஜெயித்துவிடும் ஆட்டம்.

சொய்ஜில் லுவ்சன் தடவி அடுக்கியிருந்த மரப்பலகையை வெகுநேரம் பார்த்தார். "புதன்கிழமை நீங்க நிஜமா என்ன சொன்னீங்க?"

"வண்டியை நடுக்கோட்டுக்கு."

கால்நடை டாக்டர் மீசையைத் தடவினார். "அதை ஆடியிருந்தா எனக்கு வழியில்ல. உங்களுக்கும் வழியில்ல. சமம்தான் ஆகியிருக்கும்."

"அதுக்குத்தான் ஆடினேன்."

"சமத்துக்கா? யாராச்சும் சமத்துக்கு ஆடுவாங்களா?"

லுவ்சன் கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்தார். "சமமானா என்ன பண்றதுன்னு அன்னைக்கு நாலாவது கோப்பையில உத்வல் கேட்டாளே, ஞாபகம் இருக்கா? சமமானா பிள்ளைங்க இஷ்டம்னு நீங்கதான் சொன்னீங்க. மறுநாள் காலையில தெளிஞ்சு எழுந்ததும் எனக்கு வெக்கமாப் போச்சு டாக்டர். பொண்ணோட வாழ்க்கையைக் கொண்டுபோய்ப் பலகையில வச்சுட்டோமேன்னு. வச்சது வச்சதுதான், பின்வாங்க முடியாது. சரி, எப்படியாச்சும் சமம் பண்ணிடலாம்னு பார்த்தேன்."

நொமினுக்கு அழுகை வந்தது. ஒலிவாங்கி முன்னால் வருகிற அழுகை அழகாக வரும். இது மூக்கு ஒழுகும் அழுகை. அப்பா மூன்று மாதமாக அவளுக்காகக் கல் மாதிரி உட்கார்ந்து காத்த இடத்தை, அவள் ஒரே வரியில் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"இந்த ஆட்டத்தைத் தள்ளிடலாம் சம்பந்தி," என்றாள் உத்வல். "ஆடினது அவர் இல்ல. கணக்குல எப்படி வரும்?"

"வரும்," என்றார் லுவ்சன். "போன வரி என் பேர்ல போன வரி. என் வீட்டுல இருந்து போச்சு. நான் ஆடலைன்னு சொன்னா, நாளைக்குப் பொறக்கப்போற பேத்திகிட்ட அவரு என்னன்னு சொல்லுவாரு? அந்தப் பக்கத்துத் தாத்தா தோத்தா கண்ணு தெரியலம்பாருன்னு சொல்லுவாரு. எனக்கு அது வேண்டாம்."

சொய்ஜில் ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்தவர் முகமாக அது இல்லை. உறைந்த ஆட்டைச் சுமந்துகொண்டு பைத்தியத்தைப் பார்க்க வந்தவருக்கு, யாருக்கும் பைத்தியம் இல்லை என்று தெரிந்ததும் என்ன செய்வதென்று புரியவில்லை. "மருமகளே," என்றார். "ஹோவ்து உனக்கு அவ்வளவு பிடிக்கலையா?"

"ஊரைப் பிடிக்கும் மாமா. அங்க எனக்கு வேலை இல்லை. இங்க நான் தினம் மூணு பேரா இருக்கேன். அங்க வந்தா ஒருத்தியாக்கூட இருக்க முடியுமான்னு தெரியல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கன்னமெல்லாம் மாவானது. "இதை அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். யாருமே கேக்கல."

"இப்ப கேட்டேன்ல."

"தோத்த பிறகு கேக்குறீங்க."

சொய்ஜில் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையை நீட்டினார். உத்வல் நிரப்பினாள். நிரப்பும்போதே, உப்பு போதுமா என்று கேட்கிற அதே குரலில் மகளைக் கேட்டாள்.

"தனியாத்தான் பண்ணினியா?"

"ஆமாம்மா. தெர்கெலுக்குத் தெரியும், அவ்வளவுதான். ஒவ்வொரு வரியையும் அனுப்புறதுக்கு முன்னாடி அவருக்குக் காட்டிடுவேன். எனக்குப் பயமா இருந்துச்சு. புலியைக் குடுக்கிற வரியைக்கூடக் காட்டினேன். பிரமாதம், தைரியமா அனுப்புன்னாரு."

தேநீர்ச் சட்டியை உத்வல் அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "அவருக்கு இந்தக் குதிரை விதி தெரியாதா?"

எல்லோரும் சொய்ஜிலைப் பார்த்தார்கள்.

"அவனுக்கா?" என்றார் சொய்ஜில். பிறகு குரல் இறங்கியது. "நாலு வயசுல என்னைக் குதிரையால முடிச்சுட்டு, செல்லாதுன்னு நான் சொன்னதுக்கு ரெண்டு நாள் சாப்பிடாம அழுதவன் அவன்."

நொமின் முதலில் அதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் கேட்டாள். நாலு வயதுத் தெர்கெல், வீங்கின கன்னம். சிரிப்புகூட வரப் பார்த்தது. அப்புறம்தான் உறைத்தது. அப்பாவைப் போல அவனும் கால்நடை டாக்டர்தான்; இந்த நகரத்தில் அவன் நாள் முழுக்க மடி நாய்களுக்கு நகம் வெட்டுகிறான். ஊரில் அவன் அப்பா பார்த்துவந்த ஐயாயிரம் ஆடு மாடு அவனுக்காகக் காத்திருக்கிறது. எங்கே இருந்தால் என்ன, நீ சந்தோஷமாக இருந்தால் போதும் என்று அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். அவனுக்கு எங்கே இருக்கப் பிடிக்கும் என்று அவளும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மாவுக் கையோடு போனை எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான், பின்னால் ஏதோ ஒரு குட்டி நாய் குரைத்துக்கொண்டிருந்தது.

"நொமின், சொல்லு. பூஸ் ஆச்சா?"

"தெர்கெல், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். குதிரை ராஜாவை முடிக்கலாமா?"

நாய் மட்டும் குரைத்தது. லுவ்சன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதைக் கழற்றக் கூடாது என்று சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு தெர்கெல் கேட்டான், மிகவும் மெதுவாக.

"பக்கத்துல எங்கப்பா இருக்காரா?"